முத்துமாலையின் உயரம்

மழைத்தண்ணீர் வற்றி, கிணற்று உவர்நீரைப் பாத்திகளில் பாய்ச்சி, அது வெயிலில் காய்ந்து காய்ந்து வெள்ளையாகப் பூத்து, தாழையடி அளத்தில் அந்த வருஷத்து முதல் உப்பு வாரத் தொடங்கிய மாசி மாதக் காலையில், கிழக்கு வரப்பை ஒட்டிய பாத்தியில் ஒரு சிறுபிள்ளையின் நிழல் விழுந்து கிடந்தது. நிழலுக்குரிய பிள்ளை அங்கே இல்லை. முதலில் பார்த்தவள், அளத்து வேலைக்காரிகளான நாங்கள் எல்லாரும் புஷ்பம் என்று கூப்பிடும் தங்கபுஷ்பம். கையிலிருந்த வாருபலகையை வரப்பில் சாய்த்து வைத்துவிட்டு, வலது தோள் கொஞ்சம் இறங்கியிருந்த அந்த நிழலைப் பார்த்து, "வந்துட்டியாம்மா" என்று கேட்டாள்.

அப்படி வலது தோளைச் சாய்த்தே நிற்கிற அவள் மகள் முத்துமாலை முந்தின வருஷம் தேரோட்டக் கூட்டத்தில் காணாமல் போயிருந்தாள். ஏழு வயது. அப்பன் வைகுண்டத்தின் விரலைப் பிடித்துக்கொண்டு நின்றவள், அவன் தேர்வடத்தைத் தொட்டுக் கும்பிட விரலை விட்ட கொஞ்ச நேரத்தில் இல்லாமல் போனாள். குளங்களில் தேடினார்கள், ரயிலடியில் தேடினார்கள், மைக்கில் பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள், போலீஸில் எழுதிக் கொடுத்தார்கள். இப்போது நிழல் மட்டும் வந்திருக்கிறது என்றதும் ஏட்டு ஒருவர் சைக்கிளை மிதித்து வந்து, பாத்தியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்து, நிழல் கிடைத்ததைப் பிள்ளை கிடைத்ததாக எழுத முடியாது என்று வருத்தத்தோடு சொல்லிவிட்டு, போகும்போது மட்டும் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு போனார்.

உடுப்பு தெரியவில்லை, முகம் தெரியவில்லை, உடம்பின் விளிம்பு மட்டும்தான். மற்ற நிழல்களைப் போலவே அதுவும் காலையில் நீண்டு, உச்சியில் ஒடுங்கி, சாயங்காலம் வரப்பைத் தாண்டி மறுபக்கம் சாய்ந்தது, மேகம் மூடினால் மறைந்தது, மழைக்காலத்தில் பாத்தி நிரம்பியதும் தண்ணீர்மேல் கிடந்து நெளிந்தது. நாங்கள் அதை மிதிக்கவில்லை. யாரும் சொல்லிச் செய்ததில்லை, தலையில் உப்புக் கூடையோடு போகிற வரிசை அந்த இடம் வந்ததும் தானாகவே வளைந்து போயிற்று, வளைந்து வளைந்து நடந்ததில் நடைபாதையே அங்கே கோணலாகிப் போனது. அளத்து முதலாளி ஒருநாள் வந்தவர் பாதை ஏன் இப்படிக் கோணிக்கொண்டு போகிறது என்று கேட்டார். "பிள்ள நிக்குல்லா மொதலாளி" என்றார் கங்காணி எபனேசர். முதலாளி தலையாட்டிவிட்டு லாரி எப்போது வரும் என்று விசாரித்தார். சித்திரை வெயிலில் எங்கும் நிழல் கிடைக்காத நாய் ஒன்று அதற்குள் வந்து படுத்துக்கொள்ளும். புஷ்பம் விரட்டமாட்டாள், பிள்ளைக்குத் துணையாக இருக்கட்டும் என்பாள்.

வெளியூர்க்காரர்கள் தேங்காய் பழத்தோடு வரத் தொடங்கியபோதுதான் அவளுக்கு ஆங்காரம் வந்தது. ஒருத்தி வரப்பில் சூடத்தைக் கொளுத்தி வைக்க, புஷ்பம் வாருபலகையை ஓங்கிக்கொண்டு ஓடினாள். "உசிரோட இருக்க புள்ளைக்கு எவட்டி சூடம் காட்டுதது?" என்று அவள் போட்ட சத்தத்தில் அப்புறம் யாரும் வரவில்லை.

ஆனால் டவுனிலிருந்து வந்த பூங்கனியை அப்படி விரட்ட முடியவில்லை. பூங்கனி வைகுண்டத்தின் கூடப்பிறந்த அக்காள், புஷ்பத்துக்கு மைனி. அவள் மகளுக்கு வயிற்றில் உண்டாவதும் மூன்றாம் மாதம் கலைவதுமாக இருந்தது. குறி கேட்ட இடத்தில், உங்கள் குடும்பத்துக் கன்னி ஒன்று இருக்க இடமில்லாமல் வெயிலில் நிற்கிறது என்று சொல்லிவிட்டார்கள். எங்கள் பக்கத்தில் கல்யாணம் ஆகாமல் செத்துப்போன பெண்பிள்ளை அந்த வீட்டுக் கன்னியாகிவிடும். ஓர் ஓலைப்பெட்டியில் பாவாடை சட்டை, வளையல், ரிப்பன், சாந்துப்பொட்டு எல்லாம் வைத்து வீட்டு மூலையில் உறியில் கட்டித் தொங்கவிட்டு, வருஷத்துக்கு ஒருதரம் பழையதை எடுத்துப் புதியதை வைத்துக் கும்பிட வேண்டும். எட்டு வயதில் செத்த கன்னிக்கு எண்பது வருஷம் கழித்தும் எட்டு வயதுப் பாவாடைதான் வைப்பார்கள், ஏனென்றால் கன்னி வளராது.

பூங்கனி பெட்டியைக் கையோடு கொண்டுவந்திருந்தாள். நிழலைப் பார்த்ததும் அவளும் வரப்பில் உட்கார்ந்து அழத்தான் செய்தாள். அழுது முடித்துவிட்டு, "ஏட்டி புஷ்பம், எம்மவ வயித்துல ஒரு உசுரு தங்கட்டும். இவளுக்கு ஒரு எடத்தக் குடுத்துருவோம்" என்றாள்.

"மைனி, கன்னி வளருமா?"

"அது எப்படி வளரும்?"

"அப்போ அளப்போம். அடுத்த வருசமும் அளப்போம். வளந்திருந்தா எம்புள்ள எங்கயோ உசிரோட இருக்கா, சோறு திங்கா, வளருதா. வளரலன்னா நானே ஒங்க வீட்டுக்கு வந்து எங்கையால பெட்டி வைக்கேன்."

பூங்கனி ஒத்துக்கொண்டாள். டவுன்காரி என்பதால் எல்லாம் திட்டமாக நடக்க வேண்டும் என்று, அந்த மாசிக் காலையில் பத்து மணிக்கு ஆலைச் சங்கு ஊதியதும் ஒரு கயிற்றைப் போட்டு, நிழலின் காலிலிருந்து தலைவரை அளந்து முடிச்சுப் போட்டுக் கயிற்றை எபனேசரிடம் கொடுத்தாள்.

அடுத்த வருஷம் மழை பிந்தியது, உப்பும் பிந்தியது, சித்திரையில்தான் பாத்தி வெளுத்தது. பூங்கனி வந்தாள். அதே பத்து மணிச் சங்கு ஊதியதும் அதே கயிற்றைப் போட்டாள். நிழல் முடிச்சுவரை வரவில்லை. கயிறு ஒரு சாணுக்கு மேல் மிஞ்சிக் கிடந்தது.

வளராததோடு போகாமல் பிள்ளை குறைந்தே போயிருக்கிறாள் என்றால் அதற்கு என்ன பொருள் என்று யோசிக்கவே எங்களுக்குப் பயமாக இருந்தது. வைகுண்டம் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டான். பூங்கனி, "நான் என்ன செய்ய, நான் என்ன செய்ய" என்றே சொல்லிக்கொண்டு பெட்டியைப் பிரித்தாள். புஷ்பம் மட்டும் கயிற்றையும் நிழலையும் பார்க்காமல் தன் காலடியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அப்புறம் மெல்லத் திரும்பி, தன் நிழலின்மேல் குதிகாலும் பெருவிரலும் முட்ட அடி வைத்து அளக்கத் தொடங்கினாள்.

அளத்துப் பெண்களுக்கு அது அன்றாடப் பழக்கம். எங்களுக்குக் கடிகாரம் எங்கள் நிழல்தான். அவரவர் நிழலை அவரவர் பாதத்தால் அளப்போம், இத்தனை அடி வந்தால் கஞ்சி குடிக்கும் நேரம், இத்தனை அடி வந்தால் கரையேறும் நேரம். நெட்டைச்சிக்கு நீள நிழல், பாதமும் பெரிது. குட்டச்சிக்கு நிழலும் சின்னது, பாதமும் சின்னது. அதனால் ஒரே நேரத்தில் எல்லாருக்கும் ஒரே கணக்குத்தான் வரும். வெயில் ஆளுக்கு ஆள் ஓரவஞ்சனை செய்யாது, உயரத்துக்குத் தக்கபடி ஒரே பங்காகத்தான் நிழலை வெட்டிப் போடும். இது எங்களில் ஒருத்திக்கும் தெரியாததில்லை. ஆனாலும் டவுன்காரி கயிற்றைக் கொண்டுவந்ததும், சங்கு ஊதியதும், நாங்கள் எங்கள் புத்தியைச் சோற்றுவாளியோடு வரப்பில் வைத்துவிட்டோம்.

"போன மாசியில சங்கு ஊதுனப்போ எம்நெழலு ஆறடி இருந்துச்சி" என்றாள் புஷ்பம். "இப்போ நாலரை அடிதான் இருக்கு. வெயிலு உச்சிக்கு ஏறிட்டு மைனி. எல்லார் நெழலும்தான் குறைஞ்சிருக்கு."

அந்தக் கயிற்றை வாங்கி உப்பின்மேல் நீட்டிப் போட்டாள். அதன் பக்கத்திலேயே தன் பாதத்தால் ஆறடி வைத்துக் காட்டினாள். கயிறு ஆறடியில் முக்காலுக்கு வந்தது. அப்படியானால் போன மாசியில் பிள்ளை தாயில் முக்கால் உயரம். பிறகு வரப்பில் ஏறி, மகளின் நிழல் தொடங்குகிற இடத்துக்குப் பக்கத்தில், மகள் நின்றால் எப்படி நிற்பாளோ அந்த வரிசையில் தன் காலை வைத்து நின்றாள். உப்பின்மேல் தாயும் மகளுமாக இரண்டு நிழல்கள் அடுத்தடுத்து விழுந்தன. நாங்கள் சாண்போட்டு அளந்தோம். தாயின் நிழலை ஐந்தாகப் பங்கு வைத்தால் மகளின் நிழல் நாலு பங்குக்கு வந்தது.

முக்காலைவிட ஐந்தில் நாலு பெரிது. அளத்தில் குலவை கிளம்பியது. அந்தக் குலவைக்கு நடுவில் பூங்கனி பெட்டியை மூடிக் கட்டியதை நாங்கள் பார்த்தோம். அவளுக்காகவும் எங்களுக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது.

அன்று சாயங்காலமே புஷ்பம் தையல்கடைக்குப் போனாள். மிக்கேல் டெய்லர் அவளை டேப்பால் அளந்து, "அறுவது அங்குலம் இருக்கியக்கா" என்றான். அறுபதில் ஐந்தில் நாலு, நாற்பத்தெட்டு. நாற்பத்தெட்டு அங்குலப் பிள்ளைக்குப் பாவாடை எவ்வளவு, சட்டை எவ்வளவு என்று அவனுக்குக் கைப்பாடம். மஞ்சளில் பச்சைக்கரை போட்டுத் தைத்துக் கொடுத்தான்.

தைத்ததை யாருக்குப் போடுவது? புஷ்பம் எங்கள் பெண்பிள்ளைகளைக் கூப்பிட்டு வரிசையாக நிறுத்தி, எவளுக்கு அது கச்சிதமாக இருந்ததோ அவளுக்கே கொடுத்துவிட்டாள். அப்படியே அது வழக்கமாகிப் போனது. வருஷா வருஷம் முதல் உப்பு வாரும் நாளில் புஷ்பம் வரப்பில் ஏறி நிற்பாள், நாங்கள் இரண்டு நிழல்களையும் அளப்போம், மிக்கேல் தைப்பான், எங்கள் பிள்ளைகள் வரிசையில் நிற்பார்கள். ஒருத்தி தன் மகளைக் குதிகால் தூக்கி நிற்கச் சொல்லிப் பிடிபட்டாள், இன்னொருத்தி தன் மகளைக் கூனச் சொல்லி வசவு வாங்கினாள். உடுப்பு கிடைத்த பிள்ளையைப் புஷ்பம் அந்த வருஷம் முழுவதும் பார்த்துக்கொண்டிருப்பாள். அவள் தண்ணீர்ப் பானைக்கு எட்டுகிறாளா, பஸ்ஸில் கம்பியைப் பிடிக்கிறாளா, வாசல் நிலையில் நின்றால் தலை எங்கே வருகிறது என்றெல்லாம் பார்ப்பாள். தன் மகள் எங்கோ ஒரு வீட்டு நிலையில் அதே உயரத்தில் நிற்கிறாள் என்று அவளுக்குத் தெரியும். ஒருதரம் எங்கள் பிள்ளை ஒருத்தியைத் தன்மேல் சாய்த்து நிறுத்தி, "இப்போ எம்மவ தலை இந்த எடத்துல வரும்" என்று தன் மார்பைத் தொட்டுக் காட்டினாள். அவள் அழவில்லை, நாங்கள்தான் அழுதோம்.

வைகுண்டம் மழைக்காலத்தில் வேலையில்லாத மாதங்களில் பிள்ளையைத் தேடிப் போவான். கையிலிருந்த போட்டோவில் முத்துமாலைக்கு ஏழு வயதுதான். அதைக் காட்டிவிட்டு, "இப்போ இம்புட்டு ஒசரம் இருப்பா" என்று கையை உயர்த்திக் காட்டுவான். ஒவ்வொரு வருஷமும் அந்தக் கை கொஞ்சம் மேலே ஏறியது. இடுப்புக்கு இருந்தது மார்புக்கு வந்தது, மார்புக்கு இருந்தது தோளுக்கு வந்தது. பூங்கனியும் வருஷம் தவறாமல் வந்து அளப்பதைப் பார்த்துவிட்டு பஸ் ஏறிப் போவாள். அவள் மகளுக்கு ஒன்றும் தங்கவில்லை.

பிறகு ஒரு மாசியில் இரண்டு நிழல்களும் சமமாகிவிட்டன. புஷ்பத்தின் தலை முடிந்த இடத்தில் முத்துமாலையின் தலையும் முடிந்தது. எபனேசர் குனிந்து பார்த்து, நிமிர்ந்து, மறுபடியும் குனிந்து பார்த்து, "ஆத்தா ஒசரத்துக்கு வந்துட்டாளே!" என்று கத்தினார். நாங்கள் குலவையிட்டோம், சீனிமிட்டாய் வாங்கி அளம் முழுக்கக் கொடுத்தோம். புஷ்பம் கூச்சப்பட்டுச் சிரித்த சிரிப்பை அத்தனை வருஷத்தில் அன்றுதான் பார்த்தோம்.

துணியை எடுத்துக்கொண்டு மிக்கேலிடம் போனபோது நாங்கள் இரண்டு மூன்று பேரும் கூடப் போனோம். "இனிமே கணக்கு எதுக்குக்கா? ஒன்ன அளந்தா அவள அளந்த மாதிரி" என்று சொல்லிக்கொண்டே டேப்பை உச்சந்தலையிலிருந்து தரைவரை விட்டான் மிக்கேல். பிறகு, "நேரா நில்லுக்கா" என்றான். "நேராத்தான் நிக்கேன்" என்றாள் புஷ்பம். அவன் மறுபடியும் அளந்தான். டேப்பைச் சுருட்டிக்கொண்டே, சொல்லலாமா வேண்டாமா என்று எங்களைப் பார்த்தான்.

"அம்பத்தெட்டுதான் இருக்கியக்கா."

எங்களுக்கு உடனே புரியவில்லை. புஷ்பத்துக்குப் புரிந்துவிட்டது. இத்தனை வருஷம் தலைமேல் உப்பைச் சுமந்து சுமந்து அவள் அமுங்கிப்போயிருந்தாள். எங்களில் யார்தான் அமுங்கவில்லை? அளக்கிற கோல் குறைந்துகொண்டே வந்திருக்கிறது, நாங்கள் பிள்ளை வளர்கிறாள் என்று குலவையிட்டுக்கொண்டிருந்திருக்கிறோம்.

"ரெண்டு வருசத்துக்கு முந்தி நீ தச்ச உடுப்பு எத்தன அங்குலம் மிக்கேலு?"

"அதுவும் அம்பத்தெட்டுதாங்க்கா."

"போன வருசம்?"

"அம்பத்தொம்பது. அப்போ ஒன்ன நான் அளக்கலக்கா. பழைய அறுவதையே வச்சிக் கணக்குப் போட்டுட்டேன். நெசத்துல அதுவும் அம்பத்தெட்டாத்தான் இருந்திருக்கும்" என்று சொல்லும்போதே அவனுக்கு அழுகை வந்துவிட்டது. "நான் யாருகிட்டயும் சொல்லமாட்டேங்க்கா."

நாங்களும் அதையேதான் சொன்னோம். யாருக்குத் தெரியப் போகிறது, நிழல் சமமாக விழுந்ததை எல்லாரும் கண்ணால் பார்த்தாயிற்று, வாயை மூடிக்கொண்டு இரு புஷ்பம், உன் மைனிக்கு டேப்பா தெரியும் கணக்கா தெரியும் என்று ஆளுக்கு ஆள் சொன்னோம். அவள் காதில் எதுவும் ஏறவில்லை. துணியைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்தாள். "வாக்குக் குடுத்திருக்கேன். அந்த மனுசியும் ஒவ்வொரு வருசமும் வெறும் வயித்தோட வந்து பாத்துட்டுப் போறா" என்று சொல்லிவிட்டு பஸ் ஸ்டாப்பைப் பார்த்து நடந்தாள். எங்களுக்கு அவள்மேல் கோபம் கோபமாக வந்தது, ஆனாலும் தனியாக விட மனசில்லாமல் கூடவே போனோம்.

பூங்கனி வீட்டில் மதியச் சோறு ஆகியிருந்தது. மூலையில் உறியில் ஓலைப்பெட்டி தொங்கிக்கொண்டிருந்தது, தூசியில்லாமல் துடைத்து வைத்திருந்தாள். புஷ்பம் உள்ளே போய் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னாள்.

"மைனி, காலைல நீங்க பாத்தது சரியில்ல. நான்தான் குறைஞ்சி போயிட்டேன். அவ ரெண்டு வருசமா அப்படியேதான் நிக்கா. வளரல. சொன்ன மாதிரி பெட்டி வைக்க வந்திருக்கேன்."

பூங்கனியின் மகள் அடுக்களை நிலையில் வந்து நின்றாள். மெலிந்த உடம்பு, கண்ணுக்குக் கீழே கருப்பு. பூங்கனி மகளைப் பார்த்தாள், பெட்டியைப் பார்த்தாள், எழுந்து போய் உறியை அவிழ்த்துப் பெட்டியை இறக்கினாள். பெட்டியைத் தரையில் வைத்து அதன் முன்னால் உட்கார்ந்தவள் தலை நிமிராமல் கேட்டாள்.

"முத்துமாலைக்கு இப்போ என்னட்டி வயசு?"

"பதினெட்டு, மைனி."

"பதினெட்டு வயசுல எவட்டி வளந்தா? நான் வளந்தேனா, நீ வளந்தியா? எம்மவ பதினாறுல நின்னா, இன்னிக்கி வர அதே ஒசரந்தான். இந்தா உசிரோடதான நிக்கா?"

பின்னால் நின்ற அவள் மகள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். புஷ்பம் சுவரோரமாக உட்கார்ந்தாள்.

"அப்போ இனிமே எப்படி மைனி தெரியும்?" என்று கேட்டாள். "அவ இருக்காளா இல்லையான்னு இனிமே நான் எத வச்சிப் பாப்பேன்?"

இனி எத்தனை வருஷம் அளந்தாலும் அதே அளவுதான் வரும், செத்துப்போனாலும் அதே அளவு, பிள்ளைகுட்டியோடு எங்கோ சமைத்துக்கொண்டிருந்தாலும் அதே அளவு. அந்த நிழல் சொல்லக்கூடியதெல்லாம் சொல்லி முடித்துவிட்டது. பூங்கனி நகர்ந்து வந்து புஷ்பத்தின் தலையைத் தன் மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டாள். இரண்டு பேரும் அழுத அழுகையில் தெரு கூடிவிட்டது. பிறகு, சாயங்காலம் ஆனபோது, பூங்கனி பெட்டியிலிருந்த சின்னப் பாவாடையை எடுத்துத் தன் மகளின் கையில் கொடுத்து, "இத நீ வச்சிக்க. என்னிக்காவது ஒனக்கு ஆகும்" என்றாள். பெட்டியை அடுப்படிக்குக் கொண்டுபோய்ப் பூண்டு போட்டு வைத்தாள்.

திரும்பும் வழியில் புஷ்பம் எங்களை ஜவுளிக்கடைக்குக் கூட்டிக்கொண்டு போய் அரக்குநிறத்தில் ஒரு சேலை எடுத்தாள். கடைக்காரர் யாருக்கு, ஆள் உயரமா குட்டையா என்று கேட்டார். "சேலைக்கு எதுக்குய்யா அளவு?" என்றாள்.

சேலை எடுத்த சேதி அளத்துக்கு எங்களுக்கு முந்தியே போய்விட்டது. மறுநாள் காலையில் எங்கள் பெண்பிள்ளைகள் வழக்கம்போல வரிசையாக வந்து நின்றார்கள். அவர்களில் முன்னே உடுப்பு வாங்கியவர்களும் இருந்தார்கள், கல்யாணமாகி இடுப்பில் பிள்ளையோடு நின்றவளும் இருந்தாள். சேலை என்றால் யாருக்கும் சேரும், யாருக்கும் கொடுக்கலாம், இந்த வருஷம் யாருக்கு அதிர்ஷ்டமோ என்று அவர்களுக்குள்ளே ஒரே பேச்சு. புஷ்பம் சேலையை மடிப்புக் கலையாமல் மார்போடு பிடித்துக்கொண்டு வரப்பில் நின்றாள். அவள் பக்கத்தில் மகளின் நிழல் அதே உயரத்தில் உப்பின்மேல் விழுந்திருந்தது.

"போங்கம்மா, எல்லாரும் வேலையப் பாருங்க" என்றாள். "அந்த உடுப்பெல்லாம் அடுத்த வருசம் அவளுக்குச் சின்னதாப் போயிருமேன்னுதான் குடுத்தேன். அவ எப்ப வந்தாலும் இது அவளுக்குச் சேரும். இருக்கட்டும்."